பானட்டை அழுத்திப் பார்க்கும் கை

காரை மெக்கானிக்கிடம் விட்டால், பானட்டைத் திறக்கும் முன்பே சிலர் ஒரு காரியம் செய்வார்கள். முன்பக்க மூலையில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரத்தைக் கொடுத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுப்பார்கள். வண்டி எழும், தாழும். அதைப் பார்த்துக்கொண்டே, “ஷாக் அப்சர்பர் போயிருச்சு சார்” என்பார்கள். எதையும் கழற்றவில்லை, எந்தக் கருவியையும் மாட்டவில்லை. ஒரே அழுத்தில் அவர்களுக்கு என்ன தெரிந்தது? நாமே வீட்டு வாசலில் நின்று அழுத்திப் பார்த்தால் நமக்கும் தெரியுமா?

தெரியும். ஆனால் அந்த அழுத்து எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் புரிந்துகொண்டுதான் அதைச் செய்ய வேண்டும். அதற்கு முதலில் தொப்பூர் கணவாய் வரை போய்வருவோம்.

இறக்கத்தில் நடப்பது

கன்னியாகுமரி வரை நீளும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூரில் மலை இறங்குகிறது. பழைய ஆட்கள் இன்னும் ‘ஏழாம் நம்பர் ரோடு’ என்பார்கள். எண் மாறினாலும் இறக்கம் மாறவில்லை. இங்கே இரட்டைப் பாலம் என்ற பெயரைக் கேட்டாலே ஓட்டுநர்களின் முகம் மாறும். 2020 டிசம்பர் 12 அன்று கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி முன்னால் நின்ற பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மீது மோதியதில் நால்வர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளுக்கு நடுவில் ஒரு கார் சிக்கி நசுங்கியது. அன்றும் நான்கு உயிர்கள் போயின.

இறக்கம் வண்டியை என்ன செய்கிறது என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது. வேகம் கூடாமல் இறங்க வேண்டுமென்றால், அந்த உயரம் தந்த ஆற்றல் வேறெங்காவது போயாக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் கிட்டத்தட்ட அத்தனையும் அங்கே வெப்பமாக மாறும். எவ்வளவு வெப்பம்? மூன்று லிட்டர் தண்ணீரை அடுப்பில்லாமல் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். 30 டன் லாரிக்கு அதுவே 90 லிட்டர். இத்தனை வெப்பத்தில் பிரேக் லைனிங் பிடிப்பை இழந்துவிடும். டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் இறங்குகிற லாரிக்கு இன்ஜின் தரும் இழுபிடியும் கிடைக்காது. கியரில் இருந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தால், இன்றைய இன்ஜின்கள் இறக்கத்தில் எரிபொருளையே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். மிச்சம் பிடிக்க நினைத்து நியூட்ரல் போடுவது இரண்டு வகையிலும் நட்டம்.

இந்த விபத்துகளுக்கும் காரின் சஸ்பென்ஷன் தேய்வுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வேகமும் பாரமும் பிரேக்கும் சம்பந்தப்பட்டவை அவை. ஆனால் அந்த இறக்கத்தில் முன்னால் போகும் வண்டி திடீரென்று நிற்கும்போது, காரில் இருப்பவருக்குத் தேவைப்படும் ஒரு விஷயம் சஸ்பென்ஷன் கையில்தான் இருக்கிறது. பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. வண்டியை நிறுத்துவது டயர் சாலையைப் பற்றிக்கொள்ளும் பிடி. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைகளையும் தரையோடு விடாமல் அழுத்தி வைப்பதே சஸ்பென்ஷனின் முதல் வேலை. உட்கார்ந்திருப்பவரின் முதுகு நோகாமல் பார்த்துக்கொள்வது இரண்டாவது வேலை. முதுகு நோகவில்லை என்பதால் முதல் வேலையும் ஒழுங்காக நடக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

வில்வண்டியும் ஊஞ்சலும்

நம் ஊரில் ஒரு காலத்தில் வசதியானவர்கள் ஏறிப்போன மாட்டுவண்டிக்கு வில்வண்டி என்று பெயர். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் பட்டை வளைந்து கொடுக்கும். கூண்டில் இருப்பவருக்குக் குலுக்கல் குறையும். இன்றும் லாரியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தால் அதே அடுக்குதான் தெரியும். பட்டறையில் கமான் பட்டை என்பார்கள். காரில் பட்டைக்குப் பதிலாகப் பெரும்பாலும் சுருள்வில், அதாவது காயில் ஸ்பிரிங்.

வில்லுக்கு ஒரு குணம் உண்டு. வாங்கியதை வைத்துக்கொள்ளாது, திருப்பித் தந்துவிடும். அமுக்கினால் எழும்பும், எழும்பிய வேகத்தில் தாண்டிப் போகும், பிறகு மீண்டும் அமுங்கும். ஒருமுறை தள்ளிவிட்ட ஊஞ்சலும் இதையேதான் செய்கிறது. வில்வண்டி மெல்லப் போனது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதிலேயே ஆட்டம் அடங்கிவிட்டது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு அந்த உரசல் போதாது.

ஊஞ்சலை நிறுத்த நாம் என்ன செய்கிறோம்? காலைத் தரையில் தேய்க்கிறோம். அந்தக் காலின் வேலையைச் செய்வதுதான் ஷாக் அப்சர்பர். அதன் பெயரே கொஞ்சம் திசைதிருப்புகிறது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வில். வில் ஆடாமல் அடக்குவது இது. இதைத் ‘தணிப்பான்’ என்றே இனி சொல்வேன். பள்ளி இயற்பியலில் ‘தடையுறு அலைவு’ என்று படித்ததை இந்தக் குழாய் தினமும் சாலையில் செய்துகாட்டுகிறது.

ஒரு சிரிஞ்சு போதும்

தணிப்பானுக்குள் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சின்னச் சின்னத் துளைகள். பிஸ்டன் நகர வேண்டுமென்றால் எண்ணெய் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கியாக வேண்டும்.

வீட்டில் ஊசியில்லாத சிரிஞ்சு இருந்தால் அதில் தண்ணீர் நிரப்பி மெதுவாக அழுத்துங்கள். சுலபமாகப் போகும். இப்போது ஒரே மூச்சில் அழுத்துங்கள். கட்டைவிரல் வலிக்கும். அவசரப்பட்டால் எதிர்க்கும், நிதானமாகப் போனால் வழிவிடும் என்பதே இந்தக் குழாயின் முழு ரகசியம். உங்கள் விரல் செலவழித்த உழைப்பு தண்ணீரை மிகச் சிறிது சூடாக்கியிருக்கும். இந்தச் சூட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நாளாக நாளாகத் தணிப்பானின் மேல் வாயில் உள்ள ரப்பர் சீல் தேய்ந்து எண்ணெய் கசியும். உள்ளே வால்வுகளும் தளரும். காரின் உடம்பு நொடிக்கு ஒன்றரை முறை மட்டுமே ஆடுவதாக வைத்தாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 90 ஆட்டம். 50,000 கிலோமீட்டரில் அது 45 லட்சம். ஒவ்வொன்றும் துளியளவு தேய்க்கிறது. தினமும் அதே வண்டியை ஓட்டுகிறவர் அதற்குத் தக்கபடி தன் கையையும் காலையும் மாற்றிக்கொண்டே வருவதால் அவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு வருடம் கழித்து ஊரிலிருந்து வந்த மச்சான் சாவியை வாங்கிப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, “என்ன மச்சான், வண்டி படகு மாதிரி ஆடுது?” என்றால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஓர் அழுத்தின் கணக்கு

இப்போது பானட்டுக்கு வருவோம். 900 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் சமதரையில் நிற்கிறது. இன்ஜின் முன்னால் இருப்பதால் பாரத்தில் பாதிக்கும் மேல் முன்சக்கரங்களில் விழும். சக்கரம் முதலியவற்றின் எடையைக் கழித்தால் முன்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் 240 கிலோ தாங்குகிறது என்று கொள்வோம். 2 கிலோ பாரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் இது. நீங்கள் உடம்பைக் கொடுத்து 40 கிலோ அளவுக்கு அழுத்துகிறீர்கள். அந்த மூலை 20 மில்லிமீட்டர் தாழும். இந்த எடைக்கும் இந்த ஸ்பிரிங்குக்கும் அது விட்டதும் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை முறை ஆடப் பார்க்கும். கண்ணால் எண்ணிவிடக்கூடிய வேகம்தான்.

தணிப்பான் நல்ல நிலையில் இருந்தால் என்ன நடக்கும்? 20 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்த மூலை மேலே வரும். தன் இயல்பான மட்டத்தை 7 மில்லிமீட்டர் போலத் தாண்டும். திரும்பி வரும்போது மட்டத்துக்குக் கீழே 3 மில்லிமீட்டர்கூடப் போகாது. அதன் பிறகு உள்ள அசைவு கண்ணுக்குத் தெரியாது. எழுந்தது, அமர்ந்தது, நின்றது.

எண்ணெய் வடிந்துபோன தணிப்பானில் மிச்சம் இருப்பது ரப்பரும் மூட்டுகளும் தரும் உரசல் மட்டுமே. அப்போது கணக்கு இப்படி ஓடும்: கீழே 20, மேலே 16, கீழே 13, மேலே 11, கீழே 9. இரண்டு முழு ஆட்டம் முடிந்த பிறகும் கிட்டத்தட்டப் பாதி ஆட்டம் பாக்கி இருக்கிறது. மெக்கானிக்கின் கண் பார்த்தது இதைத்தான்.

செய்யும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே அழுத்தாக அழுத்தாமல், ஊஞ்சலைத் தள்ளுவதுபோல் வண்டியின் தாளத்தோடு சேர்ந்து மூன்று முறை அழுத்தி, மூன்றாவது முறை அடியில் இருக்கும்போது கையை எடுங்கள். ஆட்டம் பெரிதாகும், எண்ணுவது எளிதாகும். பானட்டின் நடுத் தகட்டில் கை வைக்க வேண்டாம், சொட்டை விழும். ஹெட்லைட்டுக்கு மேலே, ஓரத்தில் ஊன்றுங்கள். நான்கு மூலைகளிலும் செய்து, இடதை வலதோடு ஒப்பிடுங்கள். முன்னை முன்னோடும் பின்னைப் பின்னோடும்தான் ஒப்பிட வேண்டும். முன்பக்க ஸ்பிரிங்கும் பின்பக்க ஸ்பிரிங்கும் வேறு வேறு.

கைக்கு எட்டாத ஆட்டம்

இந்தச் சோதனையில் தோற்ற வண்டிக்குப் பழுது உறுதி. தேறிய வண்டி நலமாக இருக்கிறது என்பதற்கு மட்டும் உறுதி கிடையாது. பலர் தவறவிடும் இடம் இதுதான்.

சிரிஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கை அழுத்தும்போது பிஸ்டன் நொடிக்கு 20 சென்டிமீட்டருக்கும் குறைவான வேகத்தில்தான் நகர்கிறது. குழியில் சக்கரம் விழும்போது அந்த வேகம் ஒரு மீட்டரைத் தாண்டும். மெதுவான நகர்வுக்குச் சின்னத் துளைகளும், வேகமான நகர்வுக்கு அழுத்தம் கூடினால் திறக்கும் வால்வுகளும் தணிப்பானுக்குள் தனித்தனியே இருக்கின்றன. கையால் நாம் முதல் வகையை மட்டுமே விசாரிக்கிறோம்.

அதோடு, காரில் இரண்டு ஆட்டங்கள் உண்டு. ஒன்று உடம்பு ஸ்பிரிங்கின் மேல் ஆடுவது. மற்றொன்று சக்கரம் தன் சொந்த டயரின் மேல் துள்ளுவது. டயரும் காற்றடைத்த ஒரு வில்தானே! சக்கரம் எடை குறைவு, டயர் விறைப்பு அதிகம். ஆகவே அந்தத் துள்ளல் நொடிக்குச் சுமார் 13, 14 முறை. எந்தக் கையாலும் அந்த வேகத்தில் காரைக் குலுக்க முடியாது. ஆனால் சாலையால் முடியும். 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். சாலையில் 1.2 மீட்டருக்கு ஒன்றாக அலைமேடுகள் இருந்தால் சரியாக அந்தத் தாளத்தில் சக்கரத்தைத் தட்டிவிடும். தணிப்பான் தளர்ந்திருந்தால் சக்கரம் சாலையைத் தொட்டும் தொடாமலும் ஓடும். தொடாத அந்தக் கணத்தில் பிரேக் மிதித்துப் பயனில்லை. ஏபிஎஸ் உள்ள காரில்கூட, பிடி கிடைக்காத சக்கரத்தின் பிரேக்கைக் கணினி தளர்த்திவிடும். நிற்கும் தூரம் கூடும்.

இந்தத் துள்ளலைக் கையால் எழுப்ப முடியாவிட்டாலும் அதன் தடயத்தைக் கையால் படிக்கலாம். டயரின் மேல்பரப்பைச் சுற்றிலும் உள்ளங்கையால் மெல்லத் தடவுங்கள்; கம்பி, ஆணி குத்தாமல் முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் பள்ளம், அடுத்து மேடு, மறுபடி பள்ளம் என்று அலையலையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. உள்விளிம்பு மட்டும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்மானமோ திசையோ பிசகியிருக்கிறது. ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பப் பல் என்றால் அலைன்மென்ட் சரியில்லை. எந்தச் சோதனையையும்விட நான் முதலில் நம்புவது டயரைத்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சாலை அதில் பதிவாகியிருக்கிறது.

கூடவே ஒரு டார்ச்சை அடித்துத் தணிப்பானின் உடலைப் பாருங்கள். லேசாக வியர்த்ததுபோல் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பதற வேண்டாம். புழுதி அப்பிய ஈரம் மேலிருந்து கீழே கோடாக வழிந்திருந்தால் சீல் போய்விட்டது.

பிரேக்கை மிதிக்க ஓர் ஆள்

இதுவரை பேசியது வில்லையும் தணிப்பானையும். இவை தேய்ந்தால் வண்டி மெல்ல மெல்லக் கெடும். இன்னொரு கூட்டம் இருக்கிறது: சக்கரத்தை உடம்போடு கட்டிவைக்கும் மூட்டுகள். இவற்றின் தேய்வு திடீரென்று பெரிய ஆபத்தாக மாறக்கூடியது என்பதால், நேரம் குறைவாக இருந்தால் முதலில் இவற்றைப் பார்க்கச் சொல்வேன்.

இன்றைய சிறிய கார்களின் முன்சக்கரத்தில் தணிப்பானை ஸ்பிரிங் சூழ்ந்திருக்க, இரண்டும் ஒரே தூணாக நிற்கும். எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களின் இறுதியில் உருவாக்கிய அமைப்பு இது; அவர் பெயராலேயே மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்கிறோம். தூணின் அடியைப் பிடித்துவைப்பது லோயர் ஆர்ம். அதன் ஒரு முனையில் பால் ஜாயிண்ட், நம் தோள்பட்டையைப்போல் ஒரு குண்டும் கிண்ணமும். மறுமுனையில் ரப்பர் புஷ். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

பார்க்கும் முறை இது. கெட்டியான சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ அணைகொடுத்து, முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ உடம்பையோ ஒருபோதும் நுழைக்காதீர்கள். ஸ்டாண்டு இல்லாவிட்டால் ஸ்டெப்னி சக்கரத்தையாவது காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள்.

இப்போது சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து, 12இலும் 6இலும் கை வைத்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். அசைவே இருக்கக் கூடாது. ‘டக் டக்’ என்று இடைவெளி தெரிந்தால் இரண்டு பேர் மீது சந்தேகம்: வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். எது? வீட்டில் யாரையாவது கூப்பிட்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். பிரேக் மிதித்ததும் சக்கரமும் அதன் ஹப்பும் பின்னாலுள்ள இரும்போடு ஒன்றாகக் கவ்வப்பட்டுவிடும். நடுவில் உள்ள பேரிங்கின் தளர்வு மறைந்துபோகும். ஆகவே ஆட்டம் நின்றால் குற்றவாளி பேரிங். நிற்காவிட்டால் தளர்வு அதற்கும் அப்பால், பால் ஜாயிண்டிலோ தூணின் மேல் தாங்கியிலோ இருக்கிறது. ஒரு பைசா செலவில்லாமல் ஒரு மிதியில் தெரிந்துவிடும். இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை.

பிறகு 9இலும் 3இலும் கை வைத்து ஆட்டுங்கள். ஸ்டியரிங் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டில் தேய்வு. இந்த மூட்டுகளுக்கெல்லாம் மேலே ஒரு ரப்பர் குல்லாய் இருக்கும். அது கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், புழுதியும் மழைத்தண்ணீரும் உள்ளே போகும். அதன்பிறகு தேய்வு வேகமெடுக்கும். சக்கரத்தை முழுக்கத் திருப்பிவைத்து டார்ச் அடித்தால் குல்லாய் கிழிந்திருப்பது ஜாக்கி இல்லாமலேயே தெரியும்.

சத்தங்களும் பேசும். தெருவில் சின்னச் சின்ன மேடுகளில் ‘கடகட’ என்றால், வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் முதல் சந்தேகம். பிரேக்கை மிதித்த கணத்தில் அடியில் ஒரே ஒரு ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் தூணின் உச்சியில் உள்ள பேரிங். தணிப்பானை மாற்றினால் இடமும் வலமும் ஜோடியாக மாற்றுங்கள்; மூட்டுகளைத் தொட்டால் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

சூடு சொல்லும் சேதி

தொப்பூர் இறக்கத்தில் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் ஆற்றல் பிரேக்கில் வெப்பமானதைப் பார்த்தோம். தணிப்பானும் அதே தொழிலைச் சிறிய அளவில் செய்கிறது. ஆட்டத்தை அது அழிப்பதில்லை, வெப்பமாக மாற்றுகிறது. அப்படியானால் வேலை செய்கிற தணிப்பான் சூடாக வேண்டும். வேலை செய்யாதது சூடாகாது.

மேடுபள்ளமான சாலையில் 15, 20 நிமிடம் ஓட்டி வந்து வீட்டு வாசலில் நிறுத்துங்கள். கணவாயில் எங்கும் ஓரங்கட்டி இதைச் செய்ய வேண்டாம். பல கார்களில் பின்சக்கரத் தணிப்பான் ஸ்பிரிங்கைவிட்டுத் தனியாக, கைக்கு எட்டும்படி நிற்கும். பக்கத்தில் பிரேக் டிரம் கொதித்துக்கொண்டிருக்கும், சைலன்சர் அதைவிட மோசம். அவற்றில் படாமல், புறங்கையை முதலில் அருகில் கொண்டுபோய்ச் சூட்டின் அளவைத் தெரிந்துகொண்டு, தணிப்பானின் குழாயை மட்டும் தொடுங்கள். உடனே மறுபக்கம் போய் அதையும் தொடுங்கள். இரண்டும் ஒரே வெதுவெதுப்பில் இருந்தால் இரண்டும் உழைத்திருக்கின்றன. வலதுபக்கம் கையில் சூடு தெரிய, இடதுபக்கம் காலையில் வண்டியை எடுத்தபோது இருந்ததுபோலவே குளிர்ந்திருந்தால், அத்தனை மேடுபள்ளத்திலும் இடதுபக்கச் சக்கரம் அடக்க ஆளில்லாமல் ஆடிக்கொண்டே வந்திருக்கிறது.